ஒஸ்வால்ட் நேரில் பார்த்த ஒன்பது நிமிடங்கள்

பீக்கன் உதைபந்துக் கழகத்தின் ஆட்டங்களைக் கொட்டாஞ்சேனை ஒஸ்வால்டை விட அதிகம் பார்த்தவர் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். பதினொரு வருடமாக, சொந்த மைதானத்தில் நடந்த லீக் ஆட்டம் ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. ஆனால் ஒன்றையாவது நேருக்கு நேர் பார்த்ததும் இல்லை.

அவர் ஒரு தரும சங்கத்தின் அம்புலன்ஸ் சாரதி. மைதானத்தில் அம்புலன்ஸ் இல்லாமல் லீக் ஆட்டம் தொடங்கக் கூடாது; நடுவில் அது புறப்பட்டுப் போனால், திரும்பி வரும்வரை ஆட்டமும் நிற்க வேண்டும். அது லீக்கின் விதி. சங்கத்தின் விதி வேறு: வண்டியின் மூக்கு வெளிவாசலைப் பார்த்தபடி நிற்க வேண்டும், சாரதி சீட்டை விட்டு இறங்கக் கூடாது. ஆட்டம் அவருடைய முதுகுக்குப் பின்னால் நடக்கும். திரும்பிப் பார்த்தால் சீட்டுக்குப் பின்னால் தகரத் தடுப்பு. ஆகவே பீக்கனின் வெற்றி தோல்வியெல்லாம் உள்ளங்கை அகலப் பக்கக் கண்ணாடியில்தான் அவருக்கு நடந்தன.

கண்ணாடி இடத்தை வலமாக்கும் என்பது ஒரு சாரதிக்குத் தெரியாதா? தெரியும். தெருவில் போகும்போது தெரியும். ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் மட்டும் அந்த அறிவு எங்கோ போய்விடும். பீக்கனின் பதினொன்றாம் இலக்கக்காரன் தேனுஜன் இந்தப் பருவத்தில் அடித்த கோல்கள் எல்லாம் இடது காலால் அடித்தவை என்று அவர் சாதிப்பார். கம்பி வேலியோரம் நின்று நேரில் பார்க்கும் அவருடைய மனைவி செலீன், வலது கால் என்பார். பத்து மாதமாக அந்த வீட்டில் இதுதான் சண்டை. மீன் பொரிந்து கருகும்வரைகூட நடந்திருக்கிறது.

இந்த வருடம் பீக்கனுக்குச் சரியான அடி. கடைசி ஆட்டம் வந்தபோது நிலைமை இதுதான்: வென்றால் லீக்கில் இருக்கலாம், சமநிலை என்றாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கம். கீழ்ப்பிரிவில் அம்புலன்ஸ் நிற்க வேண்டிய விதி இல்லை. சங்கம் வண்டியை வேறு எங்காவது அனுப்பிவிடும். ஒஸ்வால்டுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. அந்தக் கண்ணாடிச் சதுரம் போய்விட்டால் தனக்குச் சனிக்கிழமை என்று ஒன்றே இல்லை என்று அவர் பயந்தார். செலீனிடம்கூடச் சொல்லவில்லை.

எதிரணி மாளிகாவத்தைப் பக்கத்துப் பொடியன்கள். எண்பத்தோராவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. எகிறி வந்த பந்தைப் பிடிக்கப் பாய்ந்த அவர்களுடைய கோல் காப்பாளன் சஜீத்தின் தலை கம்பத்தில் மோதியது. ஒஸ்வால்ட் கண்ணாடியில் பார்த்தது அவன் எழும்பாததை மட்டும்தான்.

ஏற்றிக்கொண்டு புறப்படும்போது மத்தியஸ்தர் ஜன்னலருகே வந்து வானத்தைக் காட்டினார். மைதானத்தில் விளக்குகள் இல்லை. ஆறு மணி வரை பார்ப்பேன், பிறகு இருக்கிற கணக்கோடு முடித்துவிடுவேன் என்றார். அப்போது ஐந்து பதினாறு.

சைரனைப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம். ஆளைக் கையளித்துவிட்டு அந்தக் கணமே திரும்பியிருந்தால் எல்லாம் நேரத்துக்கு முடிந்திருக்கும். ஆனால் கூட வந்த மாளிகாவத்தைக் கழக ஆள் பதிவு மேசையில் மாட்டிக்கொண்டான். தள்ளுவண்டியில் கிடந்த சஜீத் கண் திறந்து ஒஸ்வால்டின் சட்டைக் கையைப் பிடித்தான்.

"என்ன உட்டுட்டுப் பெய்த்துராதீங்க அங்கிள். உம்மா வார வரைக்கும்."

சுவர்க் கடிகாரம் எதிரிலேயே தொங்கியது. எதிரணிக்காரன், அதுவும் பருவம் முழுக்கப் பீக்கனின் வயிற்றெரிச்சலை வாங்கியவன். பிடித்த பிடியை அவன் விடவில்லை. ஒஸ்வால்ட் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபோது பீக்கன் இறங்கிவிட்டதென்று அவர் மனதுக்குள் எழுதியே முடித்துவிட்டார்.

உம்மா ஓடி வந்து சேர்ந்தபோது ஐந்து ஐம்பது. ஆமர் வீதியில் பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் அடைத்துக்கொண்டு நின்றன. சைரன் பொத்தானில் அவருடைய விரல் இரண்டு தடவை போய் நின்றது. நோயாளி இல்லாமல் அதை அமுக்கி இதுவரை பழக்கமில்லை. அன்றும் அமுக்கவில்லை.

ஆறு எட்டுக்கு மைதான வாசல் வந்தது. காலியாக இருக்கும் என்று நினைத்து உள்ளே திருப்பினார்.

ஒருவரும் போகவில்லை. படிக்கட்டுகளில் சனம் அப்படியே இருந்தது. நடுவட்டத்துக்குள் இரண்டு அணிகளும், யாருடைய ஆள் யார் என்று தெரியாதபடி, கலந்து உட்கார்ந்திருந்தன. ஆறு மணிக்கு மத்தியஸ்தர் விசிலை எடுத்தபோது மாளிகாவத்தைத் தலைவன் ரிப்கான்தான் போய்த் தடுத்தானாம். எங்கட ஆளைக் கொண்டு போன வண்டி, அது பிந்தினதால பீக்கன் இறங்கினா எங்களுக்கு வெட்கம் என்றானாம். வெளிச்சம் இருக்கிற மட்டும் இருப்போம் என்று மத்தியஸ்தரும் சம்மதித்தாராம். ஒஸ்வால்ட் ஜன்னலால் தலையை நீட்டினார். ஓடி வந்தவர்கள் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சஜீத் எப்படி என்றுதான் கேட்டார்கள். கதைக்கிறான், உம்மா பக்கத்தில இருக்கிறா என்று அவர் சொன்னது வாய் வாயாகப் படிக்கட்டு முழுக்கப் போனது. இத்தனை ஆயிரம் கை ஒன்றாகத் தட்டி அவர் கேட்டதில்லை.

வண்டியைத் திருப்ப நேரமில்லை, அப்படியே விடுங்கள் என்று மத்தியஸ்தர் கை காட்டினார். மூக்கு மைதானத்தைப் பார்த்தபடி நின்றது.

கடவுளே, எவ்வளவு பெரிசு! புல்லுக்கு இத்தனை பச்சை இருந்ததா? மங்கும் வெளிச்சத்தில் இருபத்திரண்டு பேர், முன்கண்ணாடி முழுக்க, தன்னை நோக்கி ஓடி வருகிறார்கள். பதினொரு வருடமாகப் பார்த்தது இதன் உள்ளங்கையளவு என்று நினைக்க அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மீதியிருந்த ஒன்பதில் எட்டாவது நிமிடம் தேனுஜன் இரண்டு பேரை வெட்டிக் கடந்தான். அடித்தான். வலது காலால்! பந்து மூலைக்குப் பறந்தது. சஜீத்தின் கையுறைகளை மாட்டிக்கொண்டு வந்த மாற்றுக் காப்பாளன் எங்கிருந்தோ நீண்டு விரல் நுனியால் வெளியே தட்டிவிட்டான். ஒஸ்வால்ட் தன்னையறியாமல் கை தட்டினார். தட்டிய பிறகுதான் யாருக்குத் தட்டினோம் என்று உறைத்தது. அவர் நிறுத்தவில்லை.

விசில் ஒலித்தது. பீக்கன் இறங்கியது.

மைதானம் காலியாகத் தொடங்கியபோது தேனுஜன் அழுத முகத்தோடு வண்டியருகே வந்து கதவில் சாய்ந்தான்.

"இங்கயிருந்து தெரிஞ்சதா அங்கிள்?"

"எல்லாம் தெரிஞ்சது தம்பி," என்றார் ஒஸ்வால்ட். "நீ வலங்கால்காரன் எண்டு இண்டைக்குத்தான் கண்டனான். பத்து மாசமா வீட்டில இதுக்குத்தான் சண்டை. இனி நான் போய் அவவிட்ட மன்னிப்புக் கேக்கோணும்."

தேனுஜன் அழுதுகொண்டே சிரித்துவிட்டான்.

அவன் போன பிறகு ஒஸ்வால்ட் வண்டியைத் திருப்பினார். மூக்கை வெளிவாசல் பக்கம் வைத்து, கடைசி ஆள் வெளியேறும்வரை சீட்டை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.