பட்டியலில் இல்லாத நாற்று முடி

நடவு வரிசையிலிருந்து என் அம்மா அடிக்கடி காணாமல் போவாள். பத்துப் பெண்கள் குனிந்து, பின்னால் நகர்ந்துகொண்டே நடும்போது ஓர் இடம் மட்டும் திடீரென்று காலியாகும். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ வந்து, விட்ட இடத்தில் சேர்ந்துகொள்வாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. பெரியவர்கள் நமக்குத் தெரியாமல் எதையோ தின்கிறார்கள் என்பதுதான் அந்த வயதில் எனக்கிருந்த ஒரே சந்தேகம்.

ஐப்பசித் தாளடி நடவில் ஒரு சனிக்கிழமை அம்மாவின் பின்னாலேயே போனேன். வாய்க்கால் கரையில், தாழம்புதர் மறைவில் அவள் மல்லாந்து படுத்திருந்தாள். நடுவதற்காகப் பறித்துக் கட்டுக்கட்டாகக் குவித்திருந்த நாற்று முடிகளின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்திருந்தாள். கண் மூடியிருந்தது. கையில் முறுக்கு இல்லை, அதிரசம் இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை நான். மத்தியானம் வரப்பில் எல்லாரும் சோற்றுத் தூக்கைத் திறந்து உட்கார்ந்ததும், "எங்கம்மா நடவுக்கு வரல, தூங்க வந்திருக்கு. நாத்து முடி மேல கால் போட்டு மகாராணி மாதிரி படுத்திருக்கு" என்று அறிவித்தேன். எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் சோற்றையே பார்த்துக்கொண்டு பிசைந்தார்கள். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

அத்தை மட்டும் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தாள். அப்பாவின் அக்கா. புருஷன் இல்லை, ஒரே மகன் துபாயில். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் ஒரு மாட்டோடு தனியாக இருந்தவள், எங்கள் நடவுக்குத் தவறாமல் வந்துவிடுவாள்.

"எத்தன நாளா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

"எத்தன நாளான்னு கேட்டேன்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இவ பொறந்ததுலேருந்து."

கர்ப்பப்பை இறங்கியிருந்தது. நின்றால், சுமந்தால், இருமினால் அது கீழே வந்து வெளியே தள்ளும். காலை உயர்த்திப் படுத்தால் உள்ளே போகும். பழைய புடவையை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு அம்மா ஒன்பது வருஷம் நாற்று நட்டிருக்கிறாள், கட்டுச் சுமந்திருக்கிறாள், என்னையும் இடுப்பில் தூக்கியிருக்கிறாள். இதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. அன்று எனக்குக் கிடைத்தது, வீட்டுக்குப் போனதும் தொடையில் ஒரு கிள்ளு.

ஆஸ்பத்திரிக்குப் போக அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. அறுப்பு முடியட்டும் என்றாள். அறுப்பு முடிந்ததும் உளுந்து எடுக்கட்டும் என்றாள். "அறுப்பு வருஷா வருஷம் வரும், ஒடம்பு ஒண்ணுதான்" என்று அத்தை ஒவ்வொரு முறை வரும்போதும் சண்டை போட்டாள். கடைசியில் வைகாசி பிறந்ததும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனாள். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் வயிற்றில் கட்டி என்று சொல்லச் சொன்னார்கள். நான் ஒரு படி மேலே போய், கட்டி தேங்காய் அளவு இருந்தது என்று சொல்லிவைத்தேன். ஒரு வாரத்தில் அது பூசணிக்காய் ஆகி என்னிடமே திரும்பி வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்சம்மா என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, அம்மாவ நீதான் பாத்துக்கணும். மூணு மாசத்துக்கு எதையும் தூக்கக் கூடாது. தையல் விட்டுச்சுன்னா எல்லாம் மறுபடி எறங்கிரும். தண்ணிக் கொடம், நெல்லு மூட்டை, வெறகுக் கட்டு, கொழந்த, கிரைண்டர் கல்லு. குத்தவெச்சு வேலை செய்யக் கூடாது. முக்கக் கூடாது. என்ன?" என்றார். பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் கொடுக்காத அதிகாரம். குடம், மூட்டை, விறகு, குழந்தை, கல்லு என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

அப்புறம் வீட்டில் என் ராஜ்யம்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை. அம்மா டம்ளரை எடுத்தால் பிடுங்குவேன். அவள் மலச்சிக்கல் வராமல் கீரையும் பப்பாளியும் தின்கிறாளா என்று எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். இருமினால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொடுப்பேன். தினம் மூன்று வேளை ஏதோ பயிற்சி என்று அம்மா அசையாமல் படுத்துக்கொள்வாள். நான் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும். கையும் ஆடாது, காலும் ஆடாது. இது என்ன பயிற்சி என்று கேட்டால் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கர்ப்பப்பையைத் தாங்கும் தசையை உள்ளுக்குள் இறுக்கி விடுகிற பயிற்சி அது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு ஒத்தாசைக்கு வந்திருந்தாள் அத்தை. தெருக்கோடிக் குழாயிலிருந்து அவள்தான் தண்ணீர் எடுத்தாள். சமையலுக்கு, குளிக்க, எங்கள் மாட்டுக்கு என்று ஒரு நாளைக்குப் பதினான்கு குடம். அப்பா எடுக்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை. ஆம்பளை குடம் தூக்கினால் தெரு சிரிக்கும் என்ற காலம். குடக் கணக்கு என் கையில் இருந்தது. அத்தை வாசற்படியில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினால், "இன்னும் நாலு இருக்கு அத்தை" என்று விரலைக் காட்டுவேன்.

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. குறுவை நடவு. எங்கள் வயலில் ஈசானி மூலையில் முதல் நாற்றை அம்மாதான் நடுவாள். அவள் கை வைத்தால் விளையும் என்று ஊரில் ஒரு பேச்சு. மற்றவர்கள்கூடத் தங்கள் வயலுக்கு அவளைக் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் ஆகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. "ஒரு முடி நட்டுட்டு ஏறிக்க" என்றார் அப்பா. வீட்டில் அத்தை பத்துப் பேருக்கு உலை வைத்திருந்தாள். அவள் வேண்டாம் என்று கத்தியது சாமி காரியத்தில் அடிபட்டுப் போயிற்று. காவலுக்கு நான் போனேன்.

அம்மா கிழக்கே பார்த்துக் கும்பிட்டு நட்டாள். பெண்கள் குலவை போட்டார்கள். ஆறு வாரம் அறைக்குள் கிடந்தவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஏறிக்கொள்ளத்தான் திரும்பினாள். அன்று நடவுக்கு இரண்டு ஆள் குறைவு. வரிசையில் யாரோ "நாத்து, நாத்து" என்று கூப்பிட்டார்கள். வரப்போரம் கிடந்த முடிகளில் கைக்கு இரண்டாகப் பிடித்து அம்மா எடுத்துக்கொண்டு போனாள். திரும்ப வந்து இன்னும் நாலு.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குடம், மூட்டை, விறகு, குழந்தை, கல்லு. மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். நாற்று முடி அதில் இல்லை. சேறும் தண்ணீருமாக ஒவ்வொரு முடியும் எப்படிக் கனக்கும் என்று அந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நர்சம்மா சொல்லவில்லையே. டம்ளரைப் பிடுங்கின நான் நிம்மதியாக வரப்பில் உட்கார்ந்து நண்டு வளையைக் குச்சியால் குடைந்தேன்.

பத்து மணிவாக்கில் அம்மா வரப்பில் வந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது. "அத்தையக் கூப்புடு" என்றாள். புடவைக் கொசுவத்தில் சேறு என்று நான் நினைத்தது சேறு இல்லை, ரத்தம். அங்கிருந்து வீடு வரை அழுதுகொண்டே ஓடினேன். அத்தை உலையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். வரும் வழியிலேயே ஆட்டோவை நிறுத்தினாள். அப்பாவை முறைத்துப் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

நல்லவேளை, தையல் முழுதும் விடவில்லை. நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். டாக்டரம்மா திட்டிய திட்டில் அம்மா அழுதாள். "இன்னியிலேருந்து புதுசா மூணு மாசம். இந்தத் தடவையும் தூக்குனீங்கன்னா எங்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டார். என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பட்டியலைச் சொல்லி அத்தையிடம் அழுதேன். "நீ என்னடி பண்ணுவ, சொல்லிக் குடுத்ததுல இல்லாத சொமை இந்த ஒலகத்துல எவ்வளவோ இருக்கு" என்று மூக்கைத் துடைத்துவிட்டாள்.

ஆடி முடியும்போது ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டிய அத்தை புரட்டாசி வரை இருந்தாள். மறுபடி தினம் பதினான்கு குடம். அம்மாவின் தையல் ஆறியது. அதன் பிறகு அவளுக்கு அந்தத் தொந்தரவு வரவேயில்லை. இன்றைக்கும் வாக்கிங் போகிறாள், பக்கத்து வீட்டுக்காரர்களோடு சண்டை போடத் தெம்பாக இருக்கிறாள்.

எனக்கு முதல் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா என்னை ஒரு வாளியைக்கூடத் தொடவிடவில்லை. அப்போதுதான் சொன்னாள். அத்தைக்கும் அதே கோளாறுதானாம். அம்மாவுக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே வந்ததாம். அன்று வரப்பில் நான் சொன்னதைக் கேட்டு அவள் பாதிச் சோற்றில் எழுந்தது அதனால்தான். எங்கள் வீட்டில் அத்தனை குடத்தையும் துணியைக் கட்டிக்கொண்டுதான் தூக்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அம்மா அவளையும் காட்டிக்கொள்ளச் சொல்லி மன்றாடியிருக்கிறாள். "எனக்குப் பண்ணிக்கிட்டா யாரு வந்து கொடம் தூக்கறது" என்றாளாம். இப்போது அத்தைக்கு இருதயம் சரியில்லை, மயக்க மருந்து கொடுக்க முடியாது என்கிறார்கள். உள்ளே தாங்கிப் பிடிக்க ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். அதுவே போதும், சுகமாக இருக்கிறது என்கிறாள். எனக்குத்தான் அதைக் கேட்க முடியவில்லை.

அந்தப் புரட்டாசியில் அத்தை ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தம் வரை நான் கூடப் போனேன். துணிப்பை ஒன்றுதான், மூன்று புடவை இருக்கும். தெருமுனை தாண்டியதும் நின்று, "இந்தப் பையக் கொஞ்சம் தூக்கிட்டு வாடி தங்கம்" என்றாள். வாங்கிப் பார்த்தேன், காற்று மாதிரி இருந்தது. நாலு மாசமாகத் தினம் பதினான்கு குடம் தூக்கினவளுக்கு இது கனக்கிறதாம்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன் அத்தை, ஆபரேஷன் எங்கம்மாவுக்கா, ஒங்களுக்கா?" என்று கேட்டேன். அத்தை, ரொம்ப நல்ல தமாஷ் என்பது போல என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிடித்த கையை பஸ் வரும் வரை எடுக்கவில்லை. பாசம் என்று நினைத்துக்கொண்டு நானும் அசையாமல் நின்றேன்.