பூஜைக்கு மட்டும் வெளியே வந்த மைக்ராஸ்கோப்

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ரசாயன வாசனையை நான் முகர்ந்ததே இல்லை. அங்கே வீசியதெல்லாம் கற்பூரமும் அரைத்த சந்தனமும்தான். எழுபதுகளின் கடைசியில், ஆரணியில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்த அந்தப் பெண்கள் பள்ளியில் ஆய்வகத்துக்கு "சாமான் ரூம்" என்று பெயர். உள்ளே இருந்த சாமான் எதையும் எங்களைத் தொட விட்டதில்லை.

அந்த ஆண்டு பள்ளி திறந்த கொஞ்ச நாளில், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் ஒருவரும் விரிவுரையாளர் அம்மா ஒருவரும் வேனில் வந்தார்கள். பள்ளிகளோடு கைகோத்து அறிவியலை வளர்க்கப் போவதாகப் பேராசிரியர் முழங்கினார். அந்த அம்மா ஒரு மைக்ராஸ்கோப்பை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு பெண்ணும் இதில் பார்த்து, பார்த்ததை வரைய வேண்டும், பொங்கல் கழித்து வருவோம், நன்றாக வரைந்தவளைக் கோடை விடுமுறையில் எங்கள் ஆய்வகத்துக்கே அழைத்துப்போய்ச் சொல்லித் தருவோம் என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பத்தாவதோடு நிறுத்தி அவளைத் தறியில் உட்கார வைப்பதாக இருந்த அவள் அப்பாவே, "அவங்களே கூப்ட்டாங்கன்னா போ, மேல படி, நான் இன்னா வேணான்றேன்?" என்று இறங்கி வந்துவிட்டார்.

வேன் தெருமுனை திரும்புவதற்குள் மைக்ராஸ்கோப் தலைமையாசிரியையின் பீரோவுக்குள் போய்விட்டது. "ஒடைஞ்சி கிடைஞ்சி போச்சுன்னா யாருடி பதில் சொல்றது? புக்குல படம் இருக்குதில்ல, அதப் பாத்துகினு வரைங்க" என்றார். அது வெளியே வந்தது ஆயுத பூஜைக்குத்தான். மாலை போட்டு, மேலேயும் கீழேயும் இருந்த லென்ஸ்களின் மேலேயே சந்தனமும் குங்குமமும் அப்பி, கற்பூரம் காட்டி, எங்களுக்குப் பொரி கொடுத்து, ஈரம் காயுமுன் மறுபடி பூட்டினார்கள். அப்பியவர்கள் அறிவியல் ஆசிரியைகள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

பொங்கல் கழித்து வந்தவர்கள் முன், புத்தகத்தைப் பார்த்து வரைந்த வெங்காயத்தோல் படங்களை அடுக்கி வைத்தோம். விரிவுரையாளர் குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. லென்ஸை விரலால் தேய்த்தார், விரல் சிவந்தது. "இதுல யாரெல்லாம் பாத்தீங்க?" என்றார். டீச்சர்கள் சொல்லிவைத்தபடி எல்லாக் கைகளும் உயர்ந்தன. வசந்தா மட்டும் எழுந்து, "எங்களுக்குக் காட்டவே இல்லீங்க மேடம், பூஜைக்குத்தான் எடுத்தாங்க" என்றாள்.

உண்மை சொன்னவளுக்குக் கிடைத்த பரிசைக் கேளுங்கள். "இந்த ஸ்கூலுக்கு இது எதுக்கு? வேற எங்கயாவது குடுத்துடலாம்" என்று பேராசிரியர் மைக்ராஸ்கோப்பை வேனில் ஏற்றச் சொன்னார், கோடை அழைப்பும் அதோடு போயிற்று. பூட்டி வைத்த தலைமையாசிரியையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வசந்தா வேன் வரை ஓடி, "ஒரே ஒரு தபா பாத்துட்டுக் குடுத்துடறேங்க" என்று கெஞ்சினாள். "நேரமாச்சும்மா, இருட்டறதுக்குள்ள தெள்ளார் போகணும்" என்றார் பேராசிரியர்.

பிற்பாடு கல்லூரியில் முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பார்க்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. வசந்தா அப்போது தறியில் இருந்தாள்.

சாமான் ரூமை இடித்துவிட்டார்கள். பீரோவும் இல்லை, அந்தத் தலைமையாசிரியையும் இல்லை. போன மாதம் அதே பள்ளியில், வேறொரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போடும் விழாவுக்குப் பழைய மாணவி என்று என்னை அழைத்திருந்தார்கள். சால்வை போர்த்தி முடிக்கவே பாதிப் பொழுது போயிற்று. பெண்கள் வெயிலில் உட்கார்ந்து கைதட்டினார்கள். புதுக் கருவிகள் ரிப்பன் கட்டிய பெட்டிகளோடு மேடையில் இருந்தன. திரும்பும் வழியில் வசந்தா வீட்டுக்குப் போனேன். நான் செருப்பைக் கழற்றுமுன்பே, "பொண்ணுங்களுக்குக் காட்னாங்களாடி?" என்று கேட்டாள்.

"இன்னும் பெட்டியையே பிரிக்கலடி" என்று அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு கூசியது.