முந்நூறு வரை எண்ணிய காலை

எழுபதுகளில், வண்டிப்பெரியாருக்கு மேலே இருந்த எங்கள் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் பதினொன்று, லாரி ஒன்று. அந்த ஒன்றை ஓட்டியவர் அப்பா. எனக்கு எட்டு வயதான மார்கழியில், கொழுந்து ஏற்றிவந்த லாரி ஏழாவது வளைவில் கொதித்து நின்றுவிட்டது. நாற்பத்திரண்டு சாக்குக் கொழுந்தும் சூடேறிச் சிவந்து வீணாயிற்று.

அப்பா ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டினார் என்றார் எஸ்டேட் கிளார்க். அது உறுதியானால் மறுநாளே அப்பா ஸ்டீயரிங்கை விட்டு, தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியைப் பிடிக்க வேண்டும். அம்மாவின் தம்பியான மாமா மெக்கானிக். தெர்மோஸ்டாட் பழுது என்று அவர் சாதித்தார். இஞ்சின் சூடானதும் தானே திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடுகிற சிறிய பித்தளை வால்வு அது. கொதிநீரில் போட்டால் அதன் யோக்கியதை தெரிந்துவிடும்.

மறுநாள் விடிந்ததும் கிளார்க் எங்கள் லயத்துக்கு வந்தார். மாமாவே அடுப்பு மூட்டி, அம்மாவை அருகில் விடாமல் தண்ணீர் காய்ச்சி, சட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தார். பனிக்குள் ஆவி ஆள் உயரத்துக்கு எழுந்தது. வால்வைப் போட்டார்.

“எண்ணு மருமகனே. தொறந்தா ஒங்கப்பன் மேல தப்பு. தொறக்காட்டி வால்வு மேல தப்பு.”

“இந்தப் பொடியனா எண்ணுறது?” என்றார் கிளார்க்.

“கஞ்சியில கெடக்குற பருக்கையை எண்ணிட்டுத்தான் ஐயா இவன் குடிப்பான்.”

எண்ணினேன். நூறில் கிளார்க் குனிந்து பார்த்தார். இருநூறில் அப்பா தேயிலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முந்நூறிலும் வால்வு வாய் திறக்கவில்லை.

“வால்வு போச்சுன்னே எழுதிக்கிறேன். ஒம் மச்சானுக்கு நேரம் நல்லாருக்கு” என்று மாமாவிடம் சொல்லிவிட்டு கிளார்க் நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் மாமா சட்டிக்குள் கையை விட்டு வால்வை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது நல்ல வால்வுதான். மலைக்குளிரில் கை பொறுக்கிற தண்ணீரும் அப்படித்தான் ஆவி விடும் என்பதை நான் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ள இன்னும் பத்து வருடம் ஆயிற்று.

அன்றைக்கு, கை வெந்துபோயிற்றே என்று பதறி ஓடித் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தேன். மாமா கையை நீட்டினார். ஐந்து விரலுக்கும் தடவினேன். நிமிர்ந்தால், அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுட்டது மாமாவுக்கு, அப்பா ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.