'செலெ' என்று நின்ற வரி

ஓரங்களில் துளையிட்ட அந்த அச்சுத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் கடைசி வரி 'செலெ' என்று நிற்கிறது. முடிந்தது என்று பொருள்படும் 'செலெசாய்' என்ற மலாய்ச் சொல்லின் முன்பாதி அது.

எண்பதுகளில் ஈப்போவில், எஸ்டேட்டுகளின் ரப்பர் பால் எடையைக் கணினியில் தொகுக்கும் அலுவலகத்தில் நானும் என் மனைவியின் தம்பியும் சி என்னும் கணினி மொழியில் நிரல் எழுதினோம். அது பாதி ஓட்டத்தில் செத்து விழும். மாத முடிவுக்குள் சரிசெய்யாவிட்டால் கணினியைத் திருப்பி அனுப்பிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். எங்கள் வேலையும் அதனுடன் போய்விடும். விழும் இடத்தை அறிய, எஸ்டேட்டின் பிரிவான ஒவ்வொரு டிவிஷனின் கணக்கு முடிந்ததும் 'செலெசாய்' என்று எழுதச் செய்தோம். அதைத் திரைக்கு அனுப்பாமல் கோப்புக்கு அனுப்பி, தாளில் அச்சிட்டது மைத்துனர்தான். ஈப்போவை அடுத்த லகாட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் படிக்க வேண்டுமாம்.

"இங்கதான் மச்சான் சாவுது. பேப்பரே சொல்லுதுலா" என்பார், கடைசி வரியில் விரலை வைத்து.

"அந்த டிவிஷன்ல தப்பே இல்ல மச்சான். எத்தன தடவதான் பாக்குறது?"

"அப்ப பேப்பர் பொய் சொல்லுதா?"

குற்றமற்ற அந்தப் பகுதியை வாரக்கணக்கில் கலைத்துக் கலைத்து எழுதினோம். என் பொறுமை அற்றுப்போயிருந்த ஒரு நாள், "பாவி, சொல்லி முடிக்கக்கூட விடல பாருங்க" என்று அந்தக் கடைசி வரியைக் காட்டிச் சிரித்தார் மைத்துனர். எனக்கு அப்போதுதான் உறைத்தது. முழுச் சொல்லும் ஒரே கட்டளையில் போகிறது. நிரல் பாதிச் சொல்லில் சாக வழியில்லை. எழுதும் கட்டளை எதையும் நேரே கோப்பில் எழுதுவதில்லை. பஃபர் என்னும் நினைவகத் தொட்டியில் போட்டு வைக்கிறது. திரை என்றால் வரி முடிந்ததும் தொட்டி காலியாகும். கோப்பு என்றால் தொட்டி நிரம்ப வேண்டும், இல்லையேல் நிரல் முறையாக முடிய வேண்டும். தொட்டி கடைசியாக நிரம்பிக் கோப்புக்குப் போன இடத்தில் சொல் வெட்டுப்பட்டிருந்தது. அதற்குப் பின் எழுதியதெல்லாம் வெளிவராமல் நிரலோடு அழிந்திருந்தது. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் தொட்டியை உடனே காலிசெய்யும் 'எஃப்ஃப்ளஷ்' கட்டளையைச் சேர்த்தோம். நிரல் பல டிவிஷன்கள் தாண்டித்தான் விழுந்திருந்தது. பிழை அன்று மாலையே அகப்பட்டது.

"அது பாட்டுக்கு ஓடியிருக்கு மச்சான். நாமதான் இங்கயே குந்திக்கிட்டு இருந்தோம்" என்றார், வெட்கமே இல்லாமல்.

சென்ற மாதம் அவர் மருத்துவமனையில் காலமானார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "கடைசியா என்ன சொன்னாரு?" 'தேத்தண்ணில சீனியே இல்ல' என்றார். கேட்டவர்களுக்கு ஏமாற்றம், சிலர் அதிலும் தத்துவம் தேடுகிறார்கள். எனக்கு எரிச்சல் மூள்கிறது. அதன்பின் ஓர் இரவும் ஒரு பகலும் கண்மூடி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாரே, அதை யாரும் கேட்பதில்லை.

இன்று தாளை மறுபடி விரித்தேன். 'செலெ' என்றே நிற்கிறது. அங்கேதான் முடிந்தது என்று இனி ஒருவரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.