மூன்று தடவை இழுத்த பிறகு

எட்டாம் வகுப்போடு ஓடிப்போய், பேக்கரி, லொறி, மீன்வாடி என்று திரிந்ததில் எனக்கு மிஞ்சியது சிங்களம்தான். அது அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது.

காலையில் திம்புள்ளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா கூடையோடு சரிந்தாள். வலது கை தொங்கிவிட்டது. பேச்சு இல்லை. அம்புலன்ஸில் கொழும்பு வந்து சேர மத்தியானம் தாண்டியது. தொடை வழியாக மெல்லிய குழாயை மூளை வரை ஏற்றி, அடைத்திருந்த இரத்தக் கட்டியை இழுத்தார்கள். பிறகு டொக்டர் அம்மா வெளியே வந்தார். அக்கா புருஷனுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. நான் நடுவில் நின்றேன்.

மூன்று தடவை இழுத்தார்களாம். கட்டி வருகிறது, ஆனால் இரத்தக்குழாயே அந்த இடத்தில் தடித்துச் சுருங்கியிருப்பதால் உடனே மறுபடி அடைத்துக்கொள்கிறது. இப்படியே விட்டால் கையும் பேச்சும் திரும்புவது கஷ்டம், உயிருக்கும் உறுதி இல்லை. பலூனால் விரித்து, ஒரு குட்டி வலைக்குழாயை அங்கேயே விட்டுவிடலாம். அது அடைக்காமலிருக்க மருந்து ஏற்றவேண்டும். அந்த மருந்தாலேயே மூளைக்குள் இரத்தம் கசியவும் கூடும்.

நான் தமிழில் சொன்னேன்.

"வலையா? தலைக்குள்ளயா?" என்றார் மச்சான். "நெனப்பெல்லாம் அதுல சிக்கிக்காதா?"

"ரத்தம் மட்டுந்தான் போகுமாம் மச்சான்."

"கல்யாணத்தன்னைக்கு எங்கம்மா சொன்னதையே இன்னும் விடாம வச்சிருக்கா. இதுல வலை வேறயா." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ என்னடா சொல்ற?"

"நான் ஒரு எடத்துல நின்னவன் இல்ல. என்னய கேக்காதீங்க."

"இப்ப நிக்கிறியே. சொல்லு."

"போடச் சொல்லுவோம்."

கையெழுத்துப் போட்டார்.

முடிந்ததும் டொக்டர் அம்மா எங்களை அழைத்து, திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். முதல் படத்தில் அக்காவின் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய், ஒரு பக்கம் மட்டும் கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மாதிரி மொட்டையாக நின்றது. இரண்டாவதில் அதே பக்கம் கிளை கிளையாக, மயிர் போன்ற நுனி வரை நிறைந்திருந்தது. மச்சான் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன்.

வழி திறந்துவிட்டது, மூளையில் எவ்வளவு பிழைத்திருக்கிறது என்பது விடிந்தால்தான் தெரியும் என்றார் டொக்டர் அம்மா.

மறுநாள் பார்க்க விட்டபோது, நேர்ஸ் எங்களிடம் கோபமாகப் பேசினாள். அக்காவின் கை சும்மா இருக்கவில்லையாம், மூக்குக் குழாயைப் பிடுங்குகிறதாம், துணியால் கட்டப்போகிறாளாம்.

எந்தக் கை என்று கேட்டேன். அவள் வலது கையைக் காட்டினாள். அது மெதுவாக மூக்கை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

மச்சானிடம் சொன்னேன்.

"கட்ட வேணாம்னு சொல்லு. நான் புடிச்சிக்கிறேன்."

பிடித்தார். அக்கா கண்ணைத் திறக்காமலே அவர் கையை உதறினாள். அவர் மறுபடி பிடித்தார்.

"கொஞ்சம் பலமாத்தான் இருக்குடா" என்றார்.