வேட்டி கட்டிய குழாய்

வண்ணார்பேட்டையில் சலவைக் கடை நடத்தும் அஞ்சலினுக்கு அன்று கை ஓடவில்லை. விடுதியின் படுக்கை விரிப்புகள் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். துணி உலர்த்தும் இயந்திரமோ இரண்டு மணி நேரம் சுழன்றும் ஈரத்தையே திருப்பித் தந்தது. பழுது பார்க்க வந்த காஜா முகைதீன் பஞ்சுத் தூசி வடிகட்டியை உருவிப் பார்த்தார். அது சுத்தமாகவே இருந்தது.

பின்கட்டுக்குப் போய், சூடான காற்று வெளியேறும் குழாயைக் கண்டதும் அவர் சிரித்துவிட்டார். குழாயின் வாயில் பழைய வேட்டி ஒன்று இறுகக் கட்டப்பட்டிருந்தது. உள்ளே பஞ்சு மெத்தைபோல் அடைந்திருந்தது.

“ஏ தங்கச்சி, மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுன்னா மிஷினு ஓடுமா? இன்னும் நாலு நாள் விட்டா தீப்பிடிச்சிருக்கும்!”

“நான்தான் கட்டுனேன் அண்ணாச்சி. பறக்குத தூசி இவுகளுக்கு ஆகாது.”

குழாய்க்கு எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்தார் அவள் கணவர் ஜோன்ஸ். உவரிக் கடலில் மீன்பிடி வள்ளம் ஓட்டியவர். இளைப்பு நோய் வந்தபின், தம் இருமல் வாடிக்கையாளரை முகம் சுளிக்க வைக்கும் என்று அவரே பின்கட்டுக்கு ஒதுங்கியிருந்தார்.

“வேட்டியை அவுத்திரும் வே,” என்றார் ஜோன்ஸ். “நான் வேற எங்கனயாவது போயிக்கிடுதேன்.”

“எங்கன போவீய? முன்னால வந்து உக்காருங்க. இருமல் புடிக்காதவன் துணியை வேற கடையில போடட்டும்,” என்ற அஞ்சலின், நாற்காலியைத் தானே தூக்கிச் சென்று வாசல் மேசைக்கு அருகில் போட்டாள்.

அடைப்பு நீங்கியதும் அடுத்த சுற்றிலேயே விரிப்புகள் நன்றாக உலர்ந்து, இளஞ்சூட்டோடு வந்தன. ஒருவராக மடிக்க முடியாத அகல விரிப்பின் ஒரு முனையை அவள் நீட்ட, உட்கார்ந்தபடியே ஜோன்ஸ் பற்றிக்கொண்டார்.