பற்றரி இறங்கிய குரல்

போன மாதம் ஒரு மனிதர் கணினிக்குள் இருந்து தன் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். தம்பியைக் கூப்பிட்டு வீட்டுச் சுகம்கூடச் சொன்னார். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி, மிச்சத்தைக் கேட்காமல் சட்டென்று எழுந்து நின்றார்.

"இது அவரில்ல."

அவ்வளவுதான். குடிக்கக் கொடுத்த தேநீர் அப்படியே இருக்க, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு இறங்கிவிட்டார்!

இடம், காத்தான்குடியில் ஹனீபா காக்காவின் வீடு. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். எனக்கும் அவர் காக்காதான். யுத்த காலம் முழுக்கப் புளியந்தீவில் அவருக்கு ஒரு கசெட் கடை இருந்தது. கேட்ட பாட்டைப் பதிந்து கொடுப்பார். கல்யாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்க ஆள் அனுப்புவார். இவற்றோடு இன்னொரு வேலையும் இருந்தது. குரல் கடிதம்!

இளைய வாசகர்கள் விழிப்பது தெரிகிறது. விளக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் போன் இல்லாத காலம். போட்ட கடிதம் போய்ச் சேருமா என்று யாருக்கும் தெரியாத காலம். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ தம்பிக்கோ, வீட்டில் இருந்தபடி டேப் ரெக்கோடரில் பேசிப் பதிவார்கள். மத்திய கிழக்குக்குப் போகிற யாராவது ஒருவர் கையில் கசெட்டைக் கொடுத்துவிடுவார்கள். அங்கே இருப்பவர் அதைக் கேட்டு அழுதுவிட்டு, அதே கசெட்டில், அந்தக் குரலுக்கு மேலேயே தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார். புதுக் கசெட் வாங்குவது வீண் செலவு அல்லவா?

அப்படியானால் முதலில் பேசியவரின் குரல்? அழிந்துபோகும். போகிற வழியில் கசெட்டே தொலைந்தால் அதுவும் போச்சு. அதனால் கசெட்டைக் கொண்டுவருபவர்களிடம் காக்கா கேட்பாராம் — "ஒரு கொப்பி எடுத்து நான் வச்சிக்கொள்ளட்டா?" பலர் ஓம் என்றார்கள். அப்படிச் சேர்ந்தவைதான் இன்று அவருடைய ஓர் அறையை நிரப்பி நிற்கின்றன. தமிழரும் முஸ்லிம்களுமாக ஊர் இரண்டுபட்டு நின்ற நாட்களில், கடையைப் பூட்டிவிட்டு அவர் ஓட வேண்டி வந்தபோது, பக்கத்துக் கடைத் தமிழ்த் தையற்காரர் ஒருவர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

இப்போது காக்கா அத்தனையையும் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். எதற்கு? "உரியாக்களுக்குக் குடுக்கணும் தங்கச்சி. அவங்க விருப்பப்பட்டா ஊருக்கும் குடுக்கணும்" என்கிறார். என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே... யார் வீட்டில் எந்தப் பெட்டி திறந்தாலும் முதலில் எட்டிப் பார்க்கிற தலை என்னுடையது. சனிக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

அந்த அறையில் நான் படித்த முதல் பாடம் — லேபிளை நம்பாதே! சோதனைச்சாவடியில் கேள்வி வராமல் இருக்க, குரல் கடிதத்துக்கு மேலே ஆளாளுக்குப் 'பக்திப் பாடல்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். பாட்டுக் கேட்கத் தயாராகிப் போட்டால், உள்ளே ஒருவர் மாட்டுக்குக் கால் வீங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். 'கல்யாணம்' என்று எழுதிய வீடியோவில் செத்தவீடு. வர முடியாத பிள்ளைகளுக்காக எடுத்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மாமா கெமராவை நேராகப் பார்த்து, "அழாத தம்பி, எல்லாம் முறையாத்தான் செய்தனாங்க" என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் அந்தத் தம்பியின் கண்ணைப் பார்த்தே சொல்வதுபோல இருக்கும்.

உண்மையான கல்யாண வீடியோவும் இருக்கிறது. ஊரடங்கு தொடங்குவதற்கு முன் பந்தி முடிய வேண்டும். மாப்பிள்ளை தாலி கட்டுகிற கையோடு சனம் சாப்பாட்டுக்கு ஓடுகிறது. நான் அதைப் பார்த்துவிட்டு, "காக்கா, வேகமா ஓட விட்டுட்டீங்களோ?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்ட மெசின்ல வேகம் ஒரு இம்மியும் பிசகாது. அளந்து பாத்துத்தான் வச்சிரிக்கன்."

உண்மை. அவருடைய மருமகன் வெளிநாட்டில் இருந்து அனுப்பிய நல்ல இயந்திரம். இரைச்சலைத் துடைக்க ஒரு மென்பொருளும் உண்டு. காக்கா எதையும் துடைத்துக் கழுவித்தான் வெளியே விடுவார். அந்தப் பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

உரிய வீட்டார் எங்கே என்று தெரியாதவற்றில் இருந்து சிறு துண்டை வெட்டி, ஊர் வட்ஸ்அப் குழுக்களில் போடுவார். 'இவரைத் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும். வீட்டார் சம்மதம் இல்லாமல் முழுவதையும் வெளியிட மாட்டோம்.' அப்படி ஒரு துண்டைக் கேட்டுத்தான் பழுகாமத்தில் இருந்து சுகந்தி போன் எடுத்தாள். அங்கே ஒரு பாலர் பாடசாலை ஆசிரியை. 

"அங்கிள், அதில கதைக்கிற நல்லரெத்தினம் எங்கட அப்பா."

அப்பா ஒரு நாள் காலையில் தோணித் துறைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. சுகந்தி அப்போது அம்மாவின் வயிற்றில். இடம்பெயர்ந்து ஓடியதில் படங்கள் எல்லாம் போயின. ஆக, அவளுக்கு அப்பா என்றால் அம்மா சொல்கிற கதை மட்டும்தான். குரல் எப்படி இருக்கும்? அதைக் கேட்கத்தான் அம்மா பூமணி அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

வந்த இடத்தில்தான் — "இது அவரில்ல."

வாசலில் நின்ற பூமணி அக்காவிடம் நான்தான் போனேன். கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"எங்கட மனிசனுக்கு நல்ல கனத்த குரல் புள்ள. வரம்பில நிண்டு கூப்பிட்டா வயல் வட்டை முழுக்கக் கேக்கும். இது என்ன, அணில் கத்துற மாதிரி... இப்ப கம்பியூட்டர்ல ஆரிட குரலையும் செய்யலாமாமே? கண்டன், காட்டுறன் எண்டு சொல்லி எத்தின பேர் எங்கள ஏமாத்தினவங்க. இனி இதுவுமா?"

 அவர் சொன்னதும் நியாயம்தானே. காணாமல் போனவருக்காகக் காத்திருக்கும் வீட்டுக் கதவை எத்தனை பொய் தட்டியிருக்கும்!

அதைவிட எனக்கு வலித்தது சுகந்தியின் முகம். ஒரு வாரமாகத் தன் போனில் அந்தத் துண்டைக் கேட்டுக் கேட்டு, அதுதான் அப்பா என்று மனதுக்குள் குடிவைத்துவிட்ட பிள்ளை. அம்மா ஓம் என்று சொன்னால்தான் அது அப்பா. இல்லை என்றால் யாரோ ஒருவர். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை காக்கா சோர்ந்துபோய் இருந்தார். அந்தப் பதிவை 'ஆள் தெரியாது' என்ற கோப்பில் போடப் போனார். எனக்கு மனம் கேட்கவில்லை.

"துடைக்கிறதுக்கு முதல் எடுத்தது இரிக்கா காக்கா? அதைப் போடுங்க பாப்பம்."

"அதில ஒரே இரைச்சல்தானே!"

"இரைச்சலத்தான் கேக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். காற்று. கோழி. பக்கத்தில் ஒரு பெண் ஏதோ சொல்கிறார், தெளிவில்லை. அதற்குச் சற்று முன்னால், தூரத்தில் கோயில் மணி. மணியா அது? பூசை மணி போலவே இல்லை. சின்னப்பிள்ளையின் மூன்று சில்லுச் சைக்கிள் மணி மாதிரிக் கிணுகிணுத்தது.

நான் சிரித்தேன். காக்கா சிரிக்கவில்லை. திரும்பப் போட்டார். மறுபடியும் போட்டார். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அல்லாஹ்! மனிசன் மட்டுமில்ல தங்கச்சி, மணியும் கீச்சிடுது. பற்றரி! பற்றரி இறங்கின ரெக்கோடர் செற்!"

வாசகர்களே, நினைவிருக்கிறதா? வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கரண்ட் இல்லாத ஆண்டுகள். சோதனைச்சாவடி தாண்டிப் பற்றரி அந்தப் பக்கம் போவது லேசான காரியமில்லை. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து, பல்லால் கடித்து நெளித்து, கடைசிச் சொட்டு வரை பிழிந்து பாட்டுக் கேட்ட சனம் நாங்கள். அப்படிப்பட்ட பற்றரியில் ரெக்கோடர் நடை தளர்ந்து, மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றும்போது பதிந்த குரலைச் சரியான வேகத்தில் ஓட்டினால்? கீச்சென்று ஓடும். அந்தக் காலத்தில் இது குழந்தைக்கும் தெரியும். வெளிநாட்டில் கேட்டவர்கள்கூட, 'பாவம், பற்றரி இல்லை' என்று புரிந்துகொண்டிருப்பார்கள்.

இன்றைக்கு அதே கடைக்காரர் மறந்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன். பூமணி அக்காவும்கூட! நல்ல கரண்டும் நல்ல மெசினும் வந்ததும் இல்லாமையின் கணக்கு எவ்வளவு சுலபமாக நமக்கு மறந்துபோகிறது... அளந்து வைத்த சரியான வேகம்தான் அந்த மனிதரை வேறு ஆளாக்கியது. போதாததற்கு, இரைச்சல் என்று சொல்லி, சாட்சியாக நின்ற மணியையும் துடைத்துவிட்டோம்.

சரி, எவ்வளவு மெதுவாக்குவது? ஆளின் குரல் எங்களுக்குத் தெரியாது. மணி தெரியுமே! சுகந்திக்குப் போன் எடுத்தேன்.

"உங்கட கோயில்ல பழைய மணிதானா இன்னமும்?"

"ஓம் ஆன்ரி. கோபுரம்தான் புதிசு. மணி அதேதான். ஏன்?"

"ஏன் எண்டு மறுகா சொல்லுறன். வெள்ளிக்கிழமைப் பூசையில போனில பதிஞ்சு அனுப்பு."

அனுப்பினாள். காக்கா ஒரு காதில் இன்றைய மணியையும் மறு காதில் அன்றைய மணியையும் மாட்டிக்கொண்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இன்னும் கொஞ்சம். அதற்குப் பிறகும் கொஞ்சம். ஓர் இடத்தில் இரண்டும் ஒன்றாக 'டாங்...' என்றன.  பேசப் பேசப் பற்றரி இறங்கியிருக்கும் அல்லவா? அதனால் மணிக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு என்று காதை வைத்து நிதானித்துச் சரிசெய்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பட்டிருப்புப் பாலம் கடந்து பழுகாமம் போனோம். பூமணி அக்கா கதிரை எடுத்துப் போட்டார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. காக்கா விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. மடிக்கணினியை ஸ்டூலில் வைத்துத் தட்டிவிட்டார்.

"தம்பி, அண்ணன் நல்லரெத்தினம் கதைக்கிறன். இஞ்ச பழுகாமத்தில எல்லாரும் சுகம். வட்டைக்குள்ள தண்ணி நல்லா நிக்குது, இந்தமுறை வெள்ளாமை பிழைக்காது..."

கனத்த குரல். வரம்பில் நின்று கூப்பிட்டால் வட்டை முழுக்கக் கேட்கக்கூடிய குரல்.

பூமணி அக்கா குசினிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பதிவில் மணி அடித்தது. நல்லரெத்தினம் பேச்சைத் தொடர்ந்தார்.

"உன்ட மச்சாள் முழுகாம இரிக்கா, தெரியும்தானே? பொம்புளப் புள்ளதான் எண்டு என்ட மனம் சொல்லுது. அதுக்கு ஒரு பேரும் பாத்து வச்சிரிக்கன்..."

அப்போது பக்கத்தில் இருந்து அந்தப் பெண் குரல். இப்போது தெளிவாகக் கேட்டது, இளமையாக, அதட்டலாக.

"இஞ்சாருங்க, பற்றரி முடியப் போகுது. கதையைச் சுருக்குங்க. பேர மறுகா சொல்லுங்க."

அவர் சிரித்தார். "சரி தம்பி, உன்ட மச்சாள்ர ஓடர். மறுகா சொல்லுறன்." டக். அவ்வளவுதான்.

 பிறகு சுகந்தி மெல்லக் கேட்டாள்.

"அப்ப... அப்பா வச்ச பேர் எண்டு நீங்க சொன்னது மெய்தானாம்மா?"

"அண்டைக்குப் பின்னேரமே எனக்கிட்டச் சொல்லிப்போட்டார். சுகந்தி எண்டு. நீ நம்பலயா?"

"நம்பல. நான் பிறக்க முதலே போனவர் எப்பிடிப் பேர் வைக்கிற எண்டு நினைச்சன். என்ன ஆறுதல்படுத்தச் சொல்லுறீங்க எண்டு..."

முடிக்க முடியவில்லை. அம்மாவின் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன்? காக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

கொஞ்சம் ஆறியதும், வந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இத மத்தாக்களும் கேக்கப் போடலாமா தங்கச்சி? ஒங்கட விருப்பம்தான். ஒங்கட சத்தம் வாற இடத்த வேணுமெண்டா வெட்டிர்ரன்."

பூமணி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"போடுங்க காக்கா, ஊர் கேக்கட்டும். ஒண்டையும் வெட்டாதீங்க. நானும் அவரும் கதைச்சது எண்டு இனி அதுதானே இரிக்கு."

பிறகு ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடிக்கணினியின் வயரைப் பார்த்தார். அது சுவரில் போய் ஏறுகிற இடத்தைப் பார்த்தார்.

"இப்ப கரண்ட் இரிக்குத்தானே?"

"ஓம்."

"அப்ப முதல்ல இருந்து போடுங்க. அவர் ஆறுதலாக் கதைக்கட்டும்."

இடம் போதாது, சுருக்கி எழுதுங்கள் என்று வாராவாரம் இந்தப் பத்திரிகை ஆசிரியர் எனக்குச் சொல்வார். அன்று பழுகாமத்தில் அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.